கம்பெனிக் கொடி இருக்கிறது... இந்திய அணி எங்கே?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வந்து பாருங்கள். டீக்கடை பாய்லர் சூடாகும் முன்பே பைக்குகள் வரிசை கட்டிவிடும். பல்சர், அப்பாச்சி, டியூக், எக்ஸ்பல்ஸ் என்று எல்லாம் இருக்கும். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பேருக்கு ஒரு பன். அப்புறம் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஏரிக்கரையில் இன்னொரு டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு. பையன் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்கும்வரை அவனுடைய அம்மாவுக்குக் காபி இறங்காது. அது தனிக் கதை.

ஜனவரி மாதம் வந்தால் இந்தக் கூட்டத்தில் ஒரு பெயர் அடிபடும். டக்கார்! 2024 ஜனவரியில் கொஞ்சம் அதிகமாகவே அடிபட்டது. "இந்திய டீம் ரெண்டாவது இடம்டா மச்சி!" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. செய்தி உண்மைதான். ஹீரோ நிறுவனத்தின் வண்டி அந்த வருடம் டக்காரில் ஒட்டுமொத்தமாக இரண்டாவது இடம் பிடித்தது. எந்த இந்திய நிறுவனமும் அதுவரை தொடாத இடம். ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர் யார்? ராஸ் பிராஞ்ச். ஆப்பிரிக்காவில் உள்ள போட்ஸ்வானா நாட்டுக்காரர்.

அப்படியானால் அது இந்திய அணியா, இல்லையா?

கேள்வி குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பதில் தேடிப் போனால், கடைசியில் நம்மூர் பையன்கள் ஏன் ஏற்காடு ரோட்டிலேயே வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

முதலில் டக்கார் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தியரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-இல் ஒரு போட்டியின்போது லிபியப் பாலைவனத்தில் பைக்கோடு வழி தவறிப்போனார். உயிர் பிழைத்து வந்தவர் 'இனி பாலைவனமே வேண்டாம்' என்று சொல்லவில்லை. மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தார்! 1978 டிசம்பர் கடைசியில் பாரீஸில் கிளம்பி, ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகரம் வரை முதல் போட்டி நடந்தது. தீவிரவாத மிரட்டலால் 2008 போட்டி ரத்தானது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்கா. 2020-இலிருந்து சவூதி அரேபியா. இப்போது டக்காருக்கும் டக்கார் நகரத்துக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

இரண்டு வாரம், பல ஆயிரம் கிலோமீட்டர். மணல் மேடு, பாறை, காய்ந்த ஆற்றுப் படுகை. பைக் 450 சிசிக்கு மேல் போகக்கூடாது. வழி சொல்ல கூகுள் மேப் கிடையாது. 'ரோட்புக்' என்று ஒரு வழிக்குறிப்பு கொடுப்பார்கள். இத்தனை கிலோமீட்டரில் பாறை, இத்தனை டிகிரியில் திரும்பு, இங்கே பள்ளம், ஜாக்கிரதை என்று குறியீடுகளாக இருக்கும். மண்ணில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டே அதைப் படிக்கவேண்டும். தப்பாகப் படித்தால் வழி தவறும். ரொம்பத் தப்பாகப் படித்தால் உயிர் போகும்.

இந்த ஆட்டத்தில் நம் நாட்டுப் பெயர் எப்போது நுழைந்தது? 2015-இல். பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் அந்த வருடம் டக்காரில் ஓடி 36-வது இடத்தில் முடித்தார். டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியர் அவர்தான். அதே 2015-இல் நம்ம ஓசூர் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோ நிறுவனத்தோடு கைகோத்துக் களத்தில் இறங்கியது. ஆமாம், 1980-இல் 'டிவிஎஸ் 50' மொபெட்டைக் கொண்டுவந்த அதே டிவிஎஸ்தான். பால் கேனும் வாழைத்தாரும் நெல் மூட்டையும் சுமந்த வண்டியின் கம்பெனி, உலகத்தின் மிகக் கொடூரமான பைக் போட்டிக்குப் போனது. சேலத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டினால் அந்த ஓசூர்.

அடுத்து ஹீரோ. 2016-இல் அணி ஆரம்பித்து, ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்ன் நிறுவனத் துணையோடு 2017 டக்காருக்கு வந்தது. சந்தோஷும் போர்ச்சுகல் நாட்டு ஜோக்கிம் ரோட்ரிக்ஸும் ஓட்டினார்கள். பிறகு உடுப்பிக்காரர் கே.பி. அரவிந்த் டிவிஎஸ் அணிக்காக 2017, 2018 இரண்டு வருடமும் பாதியில் விலகி, விடாமல் 2019-இல் மூன்றாம் முறை போய் 37-வது இடத்தில் முடித்தார். கேரளத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2021-இல் 20-வது இடம். 2024-இல் அவர் ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம் வந்து, 'ராலி 2' பிரிவில் முதலிடமும் பிடித்தார். இந்தியர் ஒருவர் அந்தப் பிரிவை வென்றது அதுதான் முதல் முறை. வாட்ஸ்அப்பில் 'இரண்டாவது இடம்' பறந்த அளவுக்கு இந்தப் 'பதினொன்றாவது இடம்' பறக்கவில்லை!

பெண்கள் பக்கம் பார்த்தால் பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே. 2019-இல் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். பாஹா என்பது டக்காரின் சின்னத் தம்பி மாதிரி, ஓரிரு நாளில் முடிகிற பாலைவனப் போட்டி. கிரிக்கெட்டில் இப்படி ஒரு உலகக் கோப்பை வந்திருந்தால் தெருவுக்குத் தெரு பட்டாசு வெடித்திருக்கும்.

இவ்வளவுக்கும் கொடுத்த விலை சின்னதல்ல. 2020 ஜனவரி 12-ஆம் தேதி ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்ச்சுகல் வீரர் பாலோ கொன்சால்வ்ஸ் சவூதிப் பாலைவனத்தில் விழுந்து இறந்தார். வயது 40. அவருடைய மைத்துனர்தான் அதே அணியில் ஓட்டிய ஜோக்கிம் ரோட்ரிக்ஸ். அந்த வருடம் அணி பாதியிலேயே விலகிக்கொண்டது. அடுத்த வருடம், 2021-இல் சந்தோஷ் நான்காவது கட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரை மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கவேண்டியதாயிற்று. 2022-இல் ரோட்ரிக்ஸ் ஒரு கட்டத்தை வென்றார். இந்திய நிறுவனம் ஒன்றின் வண்டி டக்காரில் ஒரு நாள் போட்டியை வென்றது அதுவே முதல் முறை.

எனவே 'வெளிநாட்டுக்காரன் ஓட்டினால் அது நம் வெற்றி இல்லை' என்று அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. நம் நாட்டுக் கம்பெனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒருவர் உயிரையே விட்டிருக்கிறார். அதை மறந்தால் நன்றி கெட்டதனம்.

ஆனால் மரியாதை வேறு, கணக்கு வேறு.

சென்னை சூப்பர் கிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தோனி ராஞ்சிக்காரர். மைக் ஹஸ்ஸி ஆஸ்திரேலியாக்காரர், பிராவோ மேற்கிந்தியத் தீவுக்காரர். இவர்கள் மஞ்சள் சட்டை போட்டு ஜெயித்தபோது தமிழ்நாடே ஆடியது. தப்பே இல்லை. ஆனால் சூப்பர் கிங்ஸ் கோப்பை வாங்கினால் 'தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வளர்ந்துவிட்டது' என்று யாராவது சொல்வார்களா? அதற்கு ரஞ்சிக் கோப்பையைப் பார்க்கவேண்டும், டிவிஷன் லீக்கைப் பார்க்கவேண்டும், பள்ளிக்கூட மைதானத்தைப் பார்க்கவேண்டும். டக்காரில் ஓடுகிற ஹீரோவும் டிவிஎஸ்ஸும் சூப்பர் கிங்ஸ் மாதிரி. கம்பெனி அணிகள். டக்கார் என்பதே கம்பெனிகளும் தனி ஆட்களும் மோதுகிற போட்டிதான். அங்கே நாடுகள் மோதுவதில்லை.

நாடுகள் மோதுகிற பைக் போட்டி ஒன்று தனியாக இருக்கிறது. நம்மூரில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். 'சர்வதேச ஆறு நாள் எண்டியூரோ'. 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரத்தில் தொடங்கியது. டக்காருக்கு அறுபத்தைந்து வருடம் மூத்தது! ஒரு நாட்டுக்கு இப்போது நான்கு பேர். ஆறு நாளும் காடு, மலை, சேறு. நான்கு பேரின் நேரமும் கணக்கில் சேரும். ஒருவர் விழுந்தால் அணியே சரியும். இன்னொரு அழகான விதி, தன் வண்டியைத் தானே பழுது பார்க்கவேண்டும். ராத்திரியில் வண்டிகளைப் பூட்டி வைத்துவிடுவார்கள். கொடுக்கிற சில நிமிடங்களுக்குள் டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் ஓட்டுபவரே செய்யவேண்டும். பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்லலாம், வண்டியில் கை வைக்கக்கூடாது.

1964-இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்தபோது ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அமெரிக்க அணியில் ஓட்டினார். அந்த அமெரிக்கா 'உலகக் கோப்பை' என்கிற முதல் பரிசை முதன்முதலாக வாங்கியது எப்போது தெரியுமா? 2016-இல்! பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வண்டி இருக்கிறது. அப்படியும் மெக்வீன் காலத்திலிருந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆயிற்று. ஏனென்றால் நாட்டு அணியைக் கடையில் வாங்க முடியாது. ஊர் ஊராக மண்ணில் விளையவேண்டும். அந்தப் போட்டியின் நூறு வருட வெற்றிப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை.

சரி, இதற்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நடராஜனிடம் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன்! டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய பையன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். இரண்டு பேரும் சேலம் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகள். இரண்டு வீட்டிலும் வறுமை. இருந்தும் எப்படி முடிந்தது? திறமை, உழைப்பு எல்லாம் சரி. ஆனால் அடிப்படையில் ஒன்று இருந்தது. நடராஜனுக்குப் பந்து போட ஒரு பொட்டல் இருந்தது. மாரியப்பனுக்குத் தாண்ட ஒரு மைதானம் இருந்தது. தன்னைப் போன்ற பையன்களுக்காக நடராஜன் 2023-இல் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானமே திறந்தார். அவருக்குத் தெரியும், எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று.

பைக் ஓட்டத் தெரிந்த சேலத்துப் பையனுக்கு அந்தப் பொட்டல் எங்கே?

தமிழ்நாட்டில் ரேஸ் தடம் இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டும் நல்ல தடங்கள், இரண்டுமே தார் தடங்கள். மண்ணில் பழக நிரந்தரமாக, பாதுகாப்பாக, அனுமதியோடு ஓர் இடம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பையனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மேலே சொன்ன நான்கு பேரையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். பெங்களூர், உடுப்பி, ஷொர்ணூர், மறுபடி பெங்களூர். வண்டியில் 'டிவிஎஸ்' என்று எழுதியிருக்கிறது, கம்பெனி ஓசூரில் இருக்கிறது, ஆனால் நான்கு பேரில் ஒருவர்கூடத் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. ஷொர்ணூர் என்ன செவ்வாய் கிரகமா? சேலம் ஜங்ஷனில் மங்களூர் போகும் ரயிலில் ஏறினால் கோவை, பாலக்காடு தாண்டி வருகிற ஊர்!

இடம் இல்லாதபோது பையன்கள் என்ன செய்கிறார்கள்? இருக்கிற இடத்தில் செய்கிறார்கள். பைபாஸில் வீலிங், ஏற்காடு வளைவில் முழங்கால் தரையில் உரசுகிற மாதிரி சாய்ப்பது, அதை வீடியோ எடுத்துப் போடுவது. எதிரில் காய்கறி ஏற்றிய டெம்போ வருகிறது, பின்னால் குழந்தையோடு ஒரு குடும்பம் ஸ்கூட்டியில் வருகிறது. பொது இடத்தில் ரேஸ் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. சட்டம் சரிதான். போலீஸ் பிடிப்பதும் சரிதான். ஆனால் 'இங்கே ஓட்டாதே' என்று சொல்பவர்கள் 'அங்கே போய் ஓட்டு' என்று சொல்ல ஓர் 'அங்கே' வேண்டாமா? தெருவில் கிரிக்கெட் ஆடி ஜன்னல் கண்ணாடி உடைத்தால் 'மைதானத்துக்குப் போங்கடா' என்று விரட்டுகிறோம். பைக்குக்கு அப்படி விரட்டக்கூட வழி இல்லை.

'ஏழை நாட்டுக்கு இந்தப் பணக்கார விளையாட்டு எதற்கு?' என்று ஒரு கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. டக்காருக்கு ஒருவரை அனுப்புவது கோடிக்கணக்கு விவகாரம், சந்தேகமே இல்லை. வெளிநாட்டு மோட்டோகிராஸ் பைக் இறக்குமதி வரியோடு வாங்கினால் வீட்டை அடகு வைக்கவேண்டும். ஆனால் ஆரம்பம் அவ்வளவு செலவல்ல. 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி மண்ணில் ஓடக்கூடிய வண்டிகள் இப்போது நம் நாட்டிலேயே தயாராகின்றன. ஏற்காடு போகிற கூட்டத்திலேயே அது இருக்கிறது. செலவு மைதானத்துக்கும் பயிற்சியாளருக்கும் ஆம்புலன்சுக்கும்தான். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிச் சாலைகளை அடைத்து, ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அரசு முன்னின்று நடத்தியது. இரண்டு நாள் பந்தயத்துக்கு அது முடியும் என்றால், ஒரு மாவட்டத்துக்கு ஒரு மண் தடம் முடியாதா?

'இடம் எங்கே இருக்கிறது? காட்டை அழிப்பதா, ஏரியைத் தூர்ப்பதா?' என்பது அடுத்த கேள்வி. வேண்டவே வேண்டாம். காடும் ஏரியும் அப்படியே இருக்கட்டும். ஆஸ்திரியாவில் ஐசனெர்ஸ் என்று ஓர் ஊர். அங்குள்ள இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் 'எர்ஸ்பெர்க் ரோடியோ' என்ற பைக் போட்டி நடக்கிறது. வெட்டியெடுத்த மலையின் படிப்படியான மேடுகளே தடம். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு இதைப் படித்ததும் என்ன ஞாபகம் வரும்? வெள்ளைக்கல் சுரங்கம்தானே! தோண்டி முடித்த மேக்னசைட் மேடுகளில் பயன்படாத ஒரு மூலை, வீடுகளுக்குத் தள்ளி, வேலி போட்டு, நேரக் கட்டுப்பாட்டோடு. உரிமம், பாதுகாப்பு, தூசி, சத்தம் எல்லாவற்றையும் அதிகாரிகள் சோதித்துப் பார்க்கட்டும். அந்த இடம் சரிவரவில்லை என்றால் வேறு இடம். ஆனால் தேடவே தொடங்காமல் 'இடம் இல்லை' என்று சொல்லக்கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இது கேள்வியல்ல, பயம். 'என் பிள்ளை விழுந்து கை கால் போனால்?' கொன்சால்வ்ஸ் பெயரை எழுதிவிட்டு இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இது ஆபத்தான விளையாட்டுதான். ஆனால் மண் தடத்தில் எதிரே லாரி வராது. ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முழங்கால் கவசம், பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பையன் விழுவான். பழகுகிற எவனும் விழாமல் பழகமாட்டான். மெதுவாக, மண்ணில், கவசத்தோடு விழுந்து கற்றுக்கொள்வதா, அல்லது எண்பதில், தாரில், டெம்போ முன்னால் விழுவதா என்பதுதான் உண்மையான தேர்வு. 'விழாமலே இருப்பது' என்ற மூன்றாவது வழி, கையில் பைக் சாவி வந்த அன்றே போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த விளையாட்டில் ஓட்டுபவர் ஒருவருக்காகப் பின்னால் பலர் உழைக்கிறார்கள். டக்கார் முகாமில் வீரர் தூங்கும்போது மெக்கானிக் தூங்குவதில்லை. விடிவதற்குள் வண்டியைப் பிரித்துக் கோத்துத் தரவேண்டும். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமா? நாமக்கல்லுக்கு வாருங்கள்! லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக நிற்கிற ஊர். பக்கத்திலேயே திருச்செங்கோடு, போர்வெல் ரிக் வண்டிகளை ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக ஓட்டிப் போய், நடுக்காட்டில் பழுதானால் அங்கேயே சரிசெய்துகொண்டு திரும்புகிறவர்களின் ஊர். வாரக்கணக்கில் வீட்டை விட்டு, கரடுமுரடான வழியில், கிடைத்த இடத்தில் தூங்கி, கிடைத்ததைத் தின்று வண்டியை ஓடவைப்பது. இதற்குத்தானே வெளிநாட்டில் 'ராலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்? 'தன் வண்டியைத் தானே பழுது பார்' என்கிற ஆறு நாள் போட்டிக்குச் சேலம், நாமக்கல் பட்டறைப் பையன்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

கம்பெனிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு. ஹீரோ 2022-இல் நாடு தழுவிய மண் பைக் திறமைத் தேடல் நடத்தியது. டிவிஎஸ் 1982 முதல் ரேஸிங்கில் இருக்கிறது. அரவிந்தையும் ஹரித்தையும் ஐஸ்வர்யாவையும் தாங்கிப் பிடித்தது அந்த ரேஸிங் பிரிவுதான். ஆனால் தேடல் என்பது இருப்பதைக் கண்டுபிடிப்பது. இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது? விதை போடாமல் அறுவடைக்கு ஆள் அனுப்புவது போலத்தான் அது. மாவட்டத்துக்கு ஒரு தடம், மாநில அளவில் வருடம் ஒரு தொடர், அதில் முதல் வரிசையில் வருகிறவர்களுக்கு அரசும் கம்பெனியும் சேர்ந்து உதவி, பிறகு நாலு பேரைப் பொறுக்கி ஆறு நாள் போட்டிக்கு அனுப்புவது. முதல் வருடம் கடைசி இடம் வரட்டுமே. அமெரிக்காவுக்கே ஐம்பத்திரண்டு வருடம் ஆயிற்று.

அடுத்த ஜனவரியில் மறுபடி டக்கார் வரும். மறுபடி வாட்ஸ்அப்பில் படங்கள் பறக்கும். இந்தியக் கம்பெனியின் வண்டி ஜெயித்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, சேலத்து எம்.எல்.ஏ., எம்.பி., மாவட்ட விளையாட்டு அலுவலர், ஓசூர் கம்பெனி, யாரையாவது ஒருவரைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஃபேர்லேண்ட்ஸ் டீக்கடையில் நிற்கிற அந்தப் பையன்கள், ஏற்காடு ரோட்டை விட்டுவிட்டு வேறு எங்கே போகலாம்?